மன்னவனூர் நைட் ஹால்ட்

கடைசி ஆள் இறங்கி
அவர் கோழிக்கூடையும் இறங்கின பிறகு
ஒரு விளக்கை மட்டும் விட்டுவைக்கிறேன்.
இருக்கைகளுக்கு நடுவே சாக்கு, அதன்மேல் போர்வை.
மல்லாக்கப் படுக்கிறேன்.
தகரத்தின் குளிர்
இரண்டையும் தாண்டி முதுகுக்கு வருகிறது.
பூம்பாறையில் ஏறிய பூண்டின் தோல்
காதோரம் சரசரக்கிறது.

அந்தப் பூண்டு மூட்டைதான்.
போன ஐப்பசியில்
கூரைமேல் ஏற்ற ஆளில்லை என்று
மூச்சைப் பிடித்துத் தூக்கினேன்.
இடது தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு
என்னமோ எட்டிப் பார்த்தது.
இருமினால் வரும், படுத்தால் போகும்,
வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன் மாதிரி.
பெரியகுளத்தில் வலை வைத்துத் தைத்தார்கள்.
மீனுக்கு வைக்கிறதை இவருக்கு வைத்தார்கள் என்று
அமலோற்பவம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.
சிரித்தால் தையல் இழுக்கும்;
தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு
நான் கண்ணால் மட்டும் சிரித்தேன்.

பிசியோதெரபி அறையில் நிலோஃபர்.
சின்னப் பெண், பெரிய குரல்.
"முட்டியை மடக்குங்க.
இடுப்பெலும்பு முட்டுதுல்ல,
அதுக்கு ரெண்டு விரல் உள்ள தள்ளிக் கை வைங்க.
மூச்சை விடும்போது
தொப்புளுக்குக் கீழ மட்டும் மெதுவா இழுங்க.
இறுக்கமான பேன்ட்டுக்கு ஜிப் ஏத்துற மாதிரி."

இழுத்தேன்.
நெஞ்சு ஏறியது. தோள் ஏறியது.
பல்கூடக் கடித்துக்கொண்டது.
கீழ்வயிறு மட்டும்
இருபத்திரண்டு வருடம் இருக்கையில் மடிந்தே கிடந்ததில்
தன் பெயரே தெரியாமல் கிடந்தது.

பதினோராம் நாள்
விரலுக்கடியில் ஒரு சின்ன இறுக்கம்.
ஸ்டாப் வந்துவிட்டது என்று தோளைத் தட்டினால்
தூங்குகிற பயணி கண் திறக்காமல்
"ம்" என்பானே,
அந்த "ம்".
அமலோற்பவத்தைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.
உளுந்து அரைத்த கையோடு வந்து தொட்டுவிட்டு
"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

இப்போது கால்.
இரண்டையும் மடக்கி மேலே நிறுத்தி
ஒன்றை மட்டும் இறக்க வேண்டும்,
குதிகால் தரை தொடும் வரை,
இடுப்பு தரையை விடாமல்.
விட்டால் முதுகடியில் பாலம் விழும்.
எலி ஓடலாம்.

"ஏத்துறது ஒண்ணுமில்ல சார், இறக்குறதுதான் வேலை."

யாரிடம் சொல்கிறாள்!
ஏறும்போது எஞ்சின் கத்துவது
ஏழு மலைக்குக் கேட்கும்.
இறங்குவது சத்தமில்லாத சங்கதி.
ஏறின கியரிலேயே பிடித்து,
பிரேக்கை முழுசாக நம்பாமல்,
டம் டம் பாறை தாண்டி வெயில் முகத்தில் அடிக்கும் வரை
வண்டியின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக்
கீழே கொடுக்க வேண்டும்.
நியூட்ரலில் விட்டவர்களின் பெயிண்ட்
தடுப்புச் சுவர்களில் இன்னும் இருக்கிறது.
இதெல்லாம் தெரிந்த எனக்கு
என் ஒரு காலை இறக்கத் தெரியவில்லை.

கண்டக்டர் பவுன்ராசு ஒரு வழி கண்டுபிடித்தான்.
மிச்சமான டிக்கெட் ஒன்றை
என் இடுப்புக்கடியில் செருகி நுனியைப் பிடித்துக்கொள்வான்.
நான் காலை இறக்கும்போது உருவுவான்.
வந்துவிட்டால் காலையில் டீ என் கணக்கு.
இதுவரை நாற்பத்தொரு டீ.
சில நாள் பஜ்ஜியும் சேர்த்துக்கொள்வான்.

வெளியே பனிமூட்டத்தில்
பண்ணை ஆடு ஒன்று மனிதனைப்போல் இருமுகிறது.
வலது கால் போய்த் தொட்டு வந்தது.
இனி இடது. தையல் பக்கம்.
மூச்சு விடுகிறேன், வாயில் புகை.
இழுத்துப் பிடித்துக்கொண்டு இறக்குகிறேன்.
ஒரு வளைவு.
இன்னொன்று.
தொடை நடுங்குகிறது, விடவில்லை.
குதிகாலில் தகரம், சில்லென்று.

பவுன்ராசு இழுக்கிறான்.
எழுந்து உட்கார்ந்து இழுக்கிறான்.

"கிழிஞ்சிருச்சுண்ணே."

பாதி அவன் விரலில்,
பாதி என் முதுகடியில்.
"அப்ப நாளைக்கு டீ உன் கணக்கா?"

கிழிந்த டிக்கெட் செல்லாது என்று
போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.